‘சீனி சேர்க்காத’ கேக்கில் ஒன்றரைக் கப் சீனி

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளிக்கிழமை தமிழ்க் கடைக்கு மரக்கறி வாங்கப் போனால், வாசலில் அடுக்கியிருக்கும் உங்கள் பத்திரிகையில் ஒன்றை எடுத்துக்கொண்டு வருவது என் இருபது வருடப் பழக்கம். முதலில் மரண அறிவித்தல், பிறகு அரசியல், கடைசியில் சமையல் பக்கம். இதுவரை உங்களுக்கு ஒரு கடிதமும் எழுதியதில்லை. இப்போது எழுத வைத்தது ஒக்டோபர் முதல் வாரம் உங்கள் சமையல் பக்கத்தில் வந்த ‘சீனி சேர்க்காத அப்பிள் கேக்’.

என் மருமகள் அந்தக் குறிப்பை வெட்டி வைத்திருந்து, நன்றியறிதல் நாள் விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு அதைச் செய்துகொண்டு வந்தாள். அவளில் ஒரு பிழையும் இல்லை. மாமிக்குச் சலரோகம், வீட்டில் எல்லோரும் இனிப்புச் சாப்பிடும்போது மாமி மட்டும் வெறும் தேத்தண்ணியோடு இருக்கிறா என்று நினைத்துச் செய்த பிள்ளை. என் மனைவிக்கு முகம் முழுக்கச் சிரிப்பு. “இஞ்சேருங்கோ, இதிலை சீனி போடேல்லையாம். ரெண்டு துண்டு எடுக்கலாம்தானே?” என்றா. நானும் “எடும், எடும்” என்றேன். கேக் நல்ல ருசி, அதையும் சொல்ல வேண்டும்.

சாப்பிட முன் விரலில் குத்தி இரத்தச் சீனி பார்த்தபோது 6.4. இரண்டு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் 13.1. (ஊரிலும் இந்தியாவிலும் இருக்கிற சொந்தக்காரர் வேறு அளவு பாவிப்பார்கள்; அவர்களின் கணக்கில் இது 236.) சலரோகக்காரரில் பெரும்பாலானோருக்குச் சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் 10க்கு மேலே போகக்கூடாது என்றுதான் இங்கே கனடாவில் சொல்லித் தருகிறார்கள். மனைவி அன்றிரவு முழுக்கத் தண்ணீர் குடிப்பதும் எழும்பி நடப்பதுமாக இருந்தா. மருமகளுக்கு நாங்கள் சொல்லவில்லை. இந்தக் கடிதம் அச்சில் வந்தால் அவளே வாசித்துத் தெரிந்துகொள்ளட்டும், கோபிக்கமாட்டாள்.

அடுத்த நாள் காலை அந்தக் குறிப்பை வாங்கிவைத்துக் கணக்குப் பார்த்தேன். ஒன்றரைக் கப் பேரீச்சம்பழம், அரைக் கப் தேன், இரண்டு மேசைக்கரண்டி கித்துள் பாணி (கித்துள் மரத்து இனிப்புப் பாகு). நறுக்கிய பேரீச்சம்பழம் ஒரு கப் கிட்டத்தட்ட 147 கிராம் நிறுக்கும். அதில் நூற்றுக்கு 63 பங்கு சீனி. ஆக ஒன்றரைக் கப்பில் 140 கிராம் சீனி. தேன் அரைக் கப் 170 கிராம், அதில் நூற்றுக்கு 82 பங்கு சீனி. அதுவும் 140 கிராம்தான். இரண்டும் சேர்ந்து 280 கிராம். கித்துள் பாணியையும் சேர்த்தால் முந்நூறைத் தொடும். வெள்ளைச் சீனி ஒரு கப் 200 கிராம். அப்படியென்றால் அந்தக் கேக்கில் ஒன்றரைக் கப் சீனி இருக்கிறது. பன்னிரண்டு துண்டாக வெட்டினால், பாணியை விட்டுவிட்டே பார்த்தாலும், துண்டுக்கு 23 கிராம், ஏறக்குறைய ஆறு தேக்கரண்டி. மனைவி எடுத்தது இரண்டு துண்டு. கோதுமை மாவையும் அப்பிளையும் நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

தேத்தண்ணிக்குள் பன்னிரண்டு கரண்டி சீனி போட்டு ஒருவருக்கு நீட்டினால் என்ன சொல்வார்கள்? பேரீச்சம்பழத்தில் நார்ச்சத்து இருக்கிறது, உண்மை. தேன் கோயிலில் அபிஷேகத்துக்கும் பாவிக்கிறது, அதுவும் உண்மை. ஆனால் இரத்தத்துக்குள் போன பிறகு அது எந்தச் சாதிச் சீனி என்று யாரும் விசாரிப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலிலேயே தேன், பாணி, பழச்சாறு எல்லாவற்றையும் குறைக்க வேண்டிய சீனியோடுதான் சேர்த்திருக்கிறார்கள். முழுப் பழத்துக்குள் இயல்பாக இருக்கிற இனிப்பை அதில் சேர்க்கவில்லை. இங்கே கனடாவிலும் 2016இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பெட்டிச் சாப்பாட்டு லேபலில் தேன், பாணி, மொலாசஸ் எல்லாவற்றையும் ‘சீனிகள்’ என்ற ஒரே தலைப்பின் கீழ்தான் எழுத வேண்டும். கடைச் சாமானுக்கு இருக்கிற ஒழுங்கு எங்கள் சமையல் பக்கத்துக்கும் இருந்தால் நல்லது.

இதைக் கதைக்க எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் வைத்தியனும் இல்லை, சமையல்காரனும் இல்லை. 1989இல் கரவெட்டியில் இருந்து வந்து, 1991 தொடக்கம் இருபத்திரண்டு வருடம் இரவு வேலை செய்தது ஒரு பை தயாரிக்கிற தொழிற்சாலையில். கையில் தூக்குகிற பை இல்லை, அப்பிள் பை. பெயர் வேண்டாம், இன்னும் நடக்கிற இடம். முதல் மூன்று வருடம் என் வேலை சீனி மூட்டையை வெட்டிக் கலவைத் தொட்டிக்குள் கொட்டுவது. விடிய வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றினால் உள்ளே சீனி. காதுக்குள் சீனி. பிள்ளைகள் சின்னனில் என் முழங்கையை நக்கிப் பார்த்துச் சிரிப்பார்கள்.

அங்கேதான் ஒன்றைப் படித்தேன். வருகிற அப்பிள் துண்டுக்கு ருசி இல்லை, அதனால் சீனி. சீனி பட்டதும் துண்டில் இருந்து தண்ணீர் கொட்டும், அதனால் மாப்பொருள். மாப்பொருள் போட்டதும் ருசி மங்கும், அதனால் புளிப்புத் தூள். புளிப்புக் கூடிவிட்டது, அதனால் இன்னும் கொஞ்சம் சீனி. தொடக்கத்தில் பழம் சரியாக இருந்திருந்தால் இந்தச் சங்கிலி ஒன்றும் தேவைப்பட்டிருக்காது.

நான் சொல்ல வந்தது இதுதான். சீனி இல்லாமல் கேக் செய்ய வேண்டும் என்று மினக்கெட வேண்டாம். கேக்கில் சீனி செய்கிற வேலை இனிப்பு மட்டும் இல்லை. பட்டரோடு அடிக்கும்போது காற்றைப் பிடிப்பது அது, ஈரத்தைப் பிடித்துவைப்பது அது, மேலே பொன்னிறம் வருவதற்கும் அது ஒரு காரணம். அதை எடுத்துவிட்டால் கேக் வெளிறி, இறுகி, சீக்கிரமே பூஞ்சணம் பிடிக்கும். அதனால்தான் குறிப்பு எழுதுகிறவர்கள் முன்கதவால் சீனியை அனுப்பிவிட்டுப் பின்கதவால் பேரீச்சம்பழத்தைக் கூட்டிவருகிறார்கள். குளிர்காலத்தில் இங்கே இருக்கிற பழத்தை அப்படியே ஓவனுக்குள் வைத்துச் சுடுங்கள். மாவும் வேண்டாம், தேனும் வேண்டாம்.

ஆனால் எந்தப் பழம் என்பதில்தான் காரியம் இருக்கிறது.

ஒன்ராறியோவில் இருக்கிறவர்களுக்கு முதலில் கைக்கு வருவது மக்கின்ரொஷ் அப்பிள். இந்த மாகாணத்துப் பிள்ளைதான் அது. 1811இல் டண்டேலா என்ற இடத்தில் காடு வெட்டும்போது ஜோன் மக்கின்ரொஷ் என்கிற விவசாயி கண்டெடுத்த கன்றில் இருந்து வந்தது. என் பேரன் பாவிக்கிற கணினிக்கும் அந்தப் பெயர்தான், எழுத்து மட்டும் ஒன்று கூட. பச்சையாகக் கடித்துத் தின்ன அதைப் போல ஒன்று இல்லை. முழுதாகச் சுட்டால் தோல் வெடித்து, சோறு குழைந்த மாதிரித் தட்டில் கிடக்கும். அதைக் கூழாக்கிச் சாப்பிடலாம், சுட வேண்டாம். ரெட் டெலிஷியஸ் பார்க்கத்தான் வடிவு, சுட்டால் பஞ்சு.

நான் தேடிப் பிடிப்பது நோர்தன் ஸ்பை. கடைகளில் அதிகம் காணமாட்டீர்கள். கன்று நட்டால் காய்க்கத் தொடங்கப் பத்து வருடத்துக்கு மேலும் எடுக்கிற மரம் என்பதால் தோட்டக்காரர் கனபேர் கைவிட்டுவிட்டார்கள். ஒக்டோபர் நடுப்பகுதிக்குப் பிறகுதான் பறிப்பார்கள். 401 நெடுஞ்சாலையில் மொன்றியலுக்குப் போகும் வழியில் கோல்போர்ன் பக்கம் ஒரு பெரிய அப்பிள் உருவம் நிற்கிறதே, பிள்ளைகளை இறக்கிப் படம் எடுக்காத தமிழ்க் குடும்பம் இருக்காது, அந்தப் பக்கத்துச் சின்னத் தோட்டங்களில் கேட்டால் கிடைக்கும். நான் வருடத்துக்கு ஒரு பெட்டி வாங்குவேன். ஒவ்வொரு பழத்தையும் தனித்தனியாகப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி, காராஜில் குளிரான மூலையில் வைப்பேன். சுற்றுவது உங்கள் பத்திரிகையால்தான். ஆசிரியர் தலையங்கம் அப்பிளைத் தை மாதம் வரைக்கும் காக்கிறது. ஒன்றில் அழுகல் பிடித்தாலும் பக்கத்துப் பழத்துக்குச் சுலபமாகத் தாவாது. பனி இறுகத் தொடங்கினால் பெட்டியைக் கீழ்வீட்டுப் படிக்குள் இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் உறைந்து கெட்டுவிடும்.

இங்கே ஒரு விடயத்தைத் திருத்த வேண்டும். புளிப்பான அப்பிளில் சீனி குறைவு என்று எங்கள் ஆட்கள் நம்புகிறார்கள். பச்சை நிறக் கிரானி ஸ்மித்தில் நூறு கிராமுக்கு 9.6 கிராம் சீனி, இனிப்பான காலாவில் 10.4, பியூஜியில் 11.7. வித்தியாசம் அவ்வளவுதான். புளிப்பு அதிகம் இருப்பதால் நாக்குக்கு இனிப்புத் தெரிவதில்லை. ஆகவே புளிப்பு அப்பிளைச் சுடச் சொல்வது சீனிக்காக இல்லை. சூட்டில் குலையாமல் நிற்கும், வாசனை போகாது, அதற்காக.

நான் சுடும் முறை இது. அப்பிளின் மேல்பக்கத்தால் கரண்டி விட்டு விதைப் பகுதியைத் தோண்டி எடுப்பேன், அடியில் ஓட்டை விழக்கூடாது. பழத்தின் இடுப்பைச் சுற்றிக் கத்தி நுனியால் தோலில் மட்டும் ஒரு கோடு. இந்தக் கோடு இல்லாவிட்டால் உள்ளே பிடிபட்ட ஆவி தோலைக் கண்டபடி கிழிக்கும். கோடு இருந்தால் பழம் தொப்பி தூக்குவது போல மெல்ல மேலே எழும்பும். குழிக்குள் நொறுக்கிய வோல்நட், ஒரு கரண்டி தேங்காய்ப்பூ, ஒரு சிட்டிகை உப்பு, துருவிய எலுமிச்சைத் தோல், கறுவா, ஒரேயொரு கராம்பு. உச்சியில் குன்றிமணி அளவு பட்டர். உப்பை விட்டுவிடாதீர்கள், இனிப்பை எடுத்துக் காட்டுவது அந்த ஒரு சிட்டிகைதான்.

கறுவா பற்றி ஒரு சொல். இங்கே பெரிய கடைகளில் கறுவா என்று விற்பதில் பெரும்பகுதி காசியா. தடித்த பட்டை ஒரே சுருளாக இருக்கும், கடித்தால் காரம் ஏறும். எங்கள் இலங்கைக் கறுவா மெல்லிய தாள் பல ஒன்றுக்குள் ஒன்று சுருண்ட மாதிரி, பீடி போல இருக்கும். விரலால் நசித்தால் பொடியாகும். இனிப்பான வாசனை அதில்தான். சீனி போடாத பண்டத்துக்கு இந்த வாசனைதான் பாதிச் சீனி. தமிழ்க் கடையில் கேட்டு வாங்குங்கள், இரண்டு டொலர் கூடப் போகட்டும்.

தட்டின் அடியில் தண்ணீர் விடுவார்கள். நான் விடுவது அரைக் கப் வெறும் தேயிலைச் சாயம். 350 டிகிரி ஃபரன்ஹீட்டில் ஐம்பது நிமிடம். இடையில் இரண்டு தரம் ஓவனைத் திறந்து, தட்டில் ஊறி நிற்கிற சாற்றைக் கரண்டியால் அள்ளிப் பழத்தின் தலையில் விட வேண்டும். முதல் தரம் அது தேத்தண்ணியாகத்தான் இருக்கும். இரண்டாம் தரம் திறக்கும்போது கரண்டியில் கொஞ்சம் ஒட்டும். கடைசியில் பழத்தை எடுத்த பிறகு தட்டைச் சரித்துப் பாருங்கள். செம்மண் நிறத்தில் ஒரு பாணி மெல்ல ஓடிவரும். ஒரு கரண்டி சீனி போடாமல் வந்த பாணி. பழத்தின் இனிப்பும் பெக்டினும் தண்ணீர் வற்ற வற்றத் திரண்டது அது. இருபத்திரண்டு வருடம் மூட்டை மூட்டையாகக் கொட்டியவனுக்கு அதை முதல் தரம் பார்த்தபோது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

இதிலும் நான் பொய் சொல்லக்கூடாது. நடுத்தர அளவு அப்பிள் ஒன்றில், 180 கிராம் என்று வைத்தால், 19 கிராம் சீனி இயல்பாகவே இருக்கிறது. சுட்டால் அது எங்கும் போய்விடுவதில்லை, தண்ணீர்தான் போகிறது. அதனால் நாங்கள் இருவரும் ஒரு பழத்தைப் பாதியாக வெட்டித்தான் சாப்பிடுவோம், மேலே இனிப்பில்லாத கெட்டித் தயிர். சென்ற வாரம் மனைவிக்கு அளந்து பார்த்தேன்: முன்பு 6.6, இரண்டு மணித்தியாலம் கழித்து 8.8. ஒரு உடம்பின் ஒரு நாள் எண் இது. இதை நம்பி யாரும் மருந்தில் கைவைக்க வேண்டாம், அதை உங்கள் வைத்தியரோடு கதையுங்கள்.

பேரிக்காய் அப்பிளைவிடச் சுகம், பொறுமைதான் வேண்டும். அது மரத்தில் நன்றாகப் பழுக்காத சாதி. காயாகப் பறித்து வெளியில் வைத்துத்தான் பழுக்க விட வேண்டும். அதனால் கடையில் கல்லுப் போல இருந்தால் பயப்படாதீர்கள். மேசையில் நாலைந்து நாள் வைத்துவிட்டு, காம்புக்குப் பக்கத்துக் கழுத்தைப் பெருவிரலால் அமத்திப் பாருங்கள். கழுத்து லேசாகக் குழிந்தால் பதம். வயிறு மெதுவாகும்வரை காத்திருந்தால் உள்ளே அழுகியிருக்கும். சுடுவதற்கு மண்ணிறத் தோல் உள்ள பொஸ்க் சாதி நல்லது, நீண்ட கழுத்தை வைத்து அடையாளம் காணலாம். மஞ்சளாகப் பழுக்கிற பார்ட்லெட் சுடும்போது இளகிவிடும். பொஸ்க்கை நீளப்பாட்டுக்கு இரண்டாகப் பிளந்து, பட்டர் தடவிய தட்டில் வெட்டுமுகம் கீழே இருக்கும்படி அடுக்கி, இரண்டு ஏலக்காயைத் தட்டிப் போட்டு 375இல் முக்கால் மணித்தியாலம். தட்டோடு ஒட்டியிருந்த முகம் தோசைக் கரை போல முறுகி வரும். பச்சைக் கிரான்பெரி ஒரு பிடி கூடப் போட்டால் பட்டுப் பட்டென்று வெடித்துப் புளிப்பும் சிவப்பும் கொடுக்கும். பச்சைக் கிரான்பெரி என்று அழுத்திச் சொல்கிறேன். அதில் நூறு கிராமுக்கு 4 கிராம்தான் சீனி. பையில் விற்கிற காய்ந்த கிரான்பெரி பெரும்பாலும் சீனிப் பாகில் ஊறியது. நூறு கிராமில் எழுபதைத் தாண்டும்.

தோற்ற கதையும் ஒன்று உண்டு. யங் வீதியில் ஃபிஞ்சுக்கு வடக்கே இருக்கிற ஈரானியர் கடைகளில் இந்த மாதங்களில் குயின்ஸ் என்று ஒரு பழம் வரும். மஞ்சள் நிறம், மேலே பூனை மயிர் போலச் சுணை, வாசனை வீடு முழுக்க நிற்கும். பச்சையாகக் கடித்தால் முற்றாத விளாங்காய்தான். மெல்லிய சூட்டில் மூன்று மணித்தியாலம் மூடிச் சுட்டால் உள்ளிருக்கிற துவர்ப்பே நிறம் மாறி, வெள்ளைச் சதை செவ்விளநீர்க் கோம்பை நிறத்துக்கு வரும். பார்க்க ஆசை. சீனி இல்லாமல் தனியாகச் செய்து வைத்தேன். மனைவி ஒரு வாய் வைத்துவிட்டு “இது சாமிக்குப் படைக்கலாம்” என்று தட்டைத் தள்ளிவிட்டா. அதற்குப் பிறகு நான்கு பேரிக்காய்க்கு ஒரு குயின்ஸ் என்று கலந்துதான் சுடுகிறேன். அப்படி என்றால் சாப்பிடுகிறா.

இன்சுலினைக் கண்டுபிடித்த ஊரில் நாங்கள் இருக்கிறோம். 1921இல் பான்ரிங்கும் பெஸ்ட்டும் ஆராய்ந்ததும் ரொறன்ரோவில், 1922 ஜனவரியில் முதல் ஊசி போட்டதும் ரொறன்ரோ ஆஸ்பத்திரியில். அதே ஊரில், எங்கள் ஆட்கள் இருக்கிற எந்த மண்டபத்தில் மேசைக்கு மேசை விசாரித்தாலும் சீனிக் குளிசை போடாத மேசை இல்லை. உங்கள் சமையல் பக்கத்தை வாசிப்பவர்களும் அதே ஆட்கள்தான். ஆகையால் என் வேண்டுகோள் பெரிதாக ஒன்றும் இல்லை. தேன், பாணி, பேரீச்சம்பழம் சேர்த்த பண்டத்துக்கு ‘வெள்ளைச் சீனி சேர்க்காத’ என்று தலைப்புப் போடுங்கள், அதில் பொய் இல்லை. கீழே ஒரு துண்டில் எத்தனை கிராம் சீனி என்று ஒரு வரி. எழுதுகிறவருக்குக் கணக்குப் பார்க்க நேரம் இல்லையென்றால் எனக்கு அனுப்புங்கள். ஓய்வில் இருக்கிறேன், தராசும் வீட்டில் இருக்கிறது.

நத்தாருக்கு மருமகள் திரும்ப வருவாள். இந்த முறை கேக் கொண்டுவர வேண்டாம் என்று மகனிடம் சொல்லிவிட்டேன், அப்பிள் சுடுவது நான். பெட்டியில் இன்னும் முப்பத்தொரு பழம் இருக்கிறது.

இப்படிக்கு,
பை தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற ஒரு வாசகர்,
ஸ்காபரோ